செம்பனைக்கு வந்த வண்டு

செம்பனையின் வரலாற்றை வகுப்பில் கேட்டுப் பாருங்கள். விவரம் தெரிந்த பிள்ளைகள் உடனே சொல்லிவிடுவார்கள்: சிலாங்கூர், தென்னமரம் தோட்டம், 1917, ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். (தோட்டத்தின் பெயரே நம்ம தமிழ்தான், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.) நட்டவர் பெயர் தெரிகிறது. அந்த மரத்தில் காய் எப்படிப் பிடிக்கிறது என்று கேட்டால்தான் வகுப்பு அமைதியாகிவிடும்.

செம்பனையில் ஆண் பூங்குலையும் பெண் பூங்குலையும் ஒரே மரத்தில்தான் வரும், ஆனால் வெவ்வேறு சமயத்தில். ஆகவே மகரந்தம் இன்னொரு மரத்திலிருந்து வந்தாக வேண்டும். காற்று கொண்டு வந்துவிடும் என்றே நெடுங்காலம் நம்பினார்கள். மரமோ ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. விதை கப்பலேறி வந்தது, அதோடு பழகிய பூச்சிகள் வரவில்லை. தீபகற்பத்தில் உள்ளூர் இலைப்பேன்கள் ஓரளவு கை கொடுத்தன. சபாவில் அதுவும் போதவில்லை. குலைகளில் பாதி பொக்கு.

அப்புறம் என்ன? மனிதக் கைதான். ஆண் பூவின் மகரந்தத்தைச் சேகரித்து, உலர்த்தி, முகத்துக்குப் போடும் பவுடர் போன்ற டால்க் மாவில் கலந்து, பெண் பூங்குலையின் மேல் ஊதிவிட வேண்டும். பெண் பூ மகரந்தத்தை ஏற்பது இரண்டு மூன்று நாள்தான். அதனால் அதே நிரைக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும். முள்ளும் மட்டையும் நிறைந்த மரத்தில் இது லேசான வேலையா?

கேமரூனில் யூனிலீவர் தோட்டங்களில் வேலை செய்துவிட்டு இங்கு வந்தவர் லெஸ்லி டேவிட்சன். அங்கே செம்பனைப் பூக்களில் வண்டுகள் மொய்ப்பதை அவர் பார்த்திருந்தார். காற்றுக் கதையை அவரால் ஏற்க முடியவில்லை. 1970களின் பிற்பகுதியில் பாகிஸ்தானியப் பூச்சியியலாளர் ரஹ்மான் சையத் கேமரூனுக்கே போய் ஆராய்ந்தார். வேறு பயிர்களைத் தின்னாது என்று சோதித்த பிறகு, 1981 பிப்ரவரியில் ஜொகூர் குளுவாங்கில் பாமோல் தோட்டத்தில் அந்தக் கூன்வண்டை விட்டார்கள். நீளம் மூன்று நான்கு மில்லிமீட்டர்தான். 1981இல் சுமார் 28 லட்சம் டன்னாக இருந்த நாட்டின் செம்பனை எண்ணெய் உற்பத்தி, 1982இல் சுமார் 35 லட்சம் டன் ஆனது. ஏற்றம் முழுவதும் வண்டால் என்று சொல்ல முடியாது. பெரிய பங்கு அதனுடையதே.

வண்டு ஏமாறுகிற விதம் வேடிக்கையானது. ஆண் பூவில் சோம்பு வாசனை வரும். வண்டு அதைத் தின்று, அதிலேயே முட்டையிட்டு வாழ்கிறது. பெண் பூவில் அதற்குச் சாப்பாடே இல்லை. ஆனாலும் அதே வாசனையை விட்டுவிட்டு வீசி வரவழைக்கும். வண்டு வந்து, ஒன்றுமில்லை என்று திரும்புவதற்குள் உடம்பிலுள்ள மகரந்தம் பூவில் உதிர்ந்துவிடும்.

வண்டு வந்ததும் கையால் ஊதும் வேலை போய்விட்டது. டேவிட்சன் பெயரும் சையத் பெயரும் பதிவில் இருக்கின்றன. மாவு ஊதியவர்கள் பெயர் எங்கே? கிள்ளான், பந்திங், கேரித் தீவுப் பக்கம் உள்ள பிள்ளைகளை வீட்டில் தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை மரம், என்ன சம்பளம், பிறகு எந்த வேலைக்கு மாற்றினார்கள் என்று. அந்த வயதுக்காரர்கள் குறைந்து வருகிறார்கள். அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப் போடாதீர்கள்.

இன்னொன்றும் தோட்டத்திலிருந்தே கற்கலாம். மட்டையைத் தின்னும் கூட்டுப்புழுவுக்கு எதிரான குளவிகளுக்குத் தேன் கிடைக்கட்டும் என்று சாலையோரம் 'பூங்கா புக்குல் லாப்பான்' நடுகிறார்கள். காலையில் மலர்ந்து மத்தியானம் வாடும் பூ. பள்ளியிலும் அதை வைக்கலாம். துளசியும் இட்லிப்பூவும் கூடவே. பிரிக்பீல்ட்ஸ் போல் மண் இல்லாத பள்ளி என்றால் தொட்டி போதும். கெலுலுட் எனும் கொட்டாத சிறு தேனீ, மரப்பொந்திலும் சுவர் இடுக்கிலும் கூடு கட்டும், கண்டால் அடைத்துவிடாதீர்கள். பூச்சிமருந்து வேண்டாம். தேனீக்கென்று தட்டில் தண்ணீர் வைத்தால் தினமும் கொட்டி மாற்றுங்கள், இல்லாவிட்டால் முதலில் வருவது ஏடிஸ் கொசுதான்.