பத்தாயத்தை யார் எடுத்துக்கொள்வார்கள்?

பழைய மரச்சாமான்களை என்ன செய்வது என்று இந்த ஒரு வருஷத்தில் என்னிடம் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். மூவரும் என்னைப் போலவே ஓய்வு பெற்று, மன்னார்குடிப் பக்கத்துச் சொந்த ஊர்களுக்குத் திரும்பியவர்கள். பட்டணத்தில் பழைய சாமான் வாங்குகிறவர் வாசலுக்கே வந்துவிடுவார். கிராமத்தில் ஊராட்சியின் தூய்மைக் காவலர் அம்மா வண்டி தள்ளிக்கொண்டு வருகிறார். மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார். அந்த வண்டியில் கட்டிலை ஏற்ற முடியுமா? பிள்ளைகளைக் கேட்டால், "லிஃப்டுக்குள்ளேயே போகாதுப்பா" என்கிறார்கள்.

நம் வீடுகளில் மரச்சாமான் அதிகம் சேர்ந்தது ரொம்பப் பழைய கதை இல்லை. கட்டில் சங்க காலத்துச் சொல். ஊஞ்சலும் மணையும் பெட்டியும் நம்முடையவை. மற்றபடி உட்காரத் திண்ணை, படுக்கப் பாய். மேசையும் அலமாரியும் போர்த்துகீசியர் கொடுத்த சொற்கள், பீரோ பிரெஞ்சுக்காரர் கொடுத்தது, பெஞ்சு ஆங்கிலம். பொருளும் பேரும் ஒன்றாகக் கப்பலில் வந்து இறங்கின. பர்மாவின் தென்பகுதியை 1852இல் ஆங்கிலேயர் பிடித்த பிறகு தேக்கும் ஏராளமாக வந்தது. கொஞ்சம் வசதி வந்தவர்கள் சாய்வு நாற்காலியும் நிலைக்கண்ணாடியும் வாங்கிப் போட்டார்கள். பிறகு இரும்பு பீரோ வந்தது, அதன் பிறகு பிளாஸ்டிக் நாற்காலி. மர அலமாரி கூடத்திலிருந்து ரேழிக்கும், ரேழியிலிருந்து கொல்லைக் கொட்டகைக்கும் நகர்ந்தது.

இவற்றையாவது யாராவது வாங்கிக்கொள்வார்கள். சாய்வு நாற்காலிக்கு இன்றும் மவுசு உண்டு. யாரும் கேட்காத சாமான் ஒன்று இருக்கிறது. அதுதான் பத்தாயம்.

டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நெல் சேமிக்கும் மரக் களஞ்சியம் அது. சதுரமான பலகைச் சட்டங்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, மேலே பூட்டு வைத்த மூடி போட்டு, கீழே ஒரு சின்ன வாய் வைத்திருப்பார்கள். வாயைத் திறந்தால் நெல் தானாகச் சரியும். அளவு குறைந்த பிறகு ஆள் உள்ளே இறங்கி அள்ளவேண்டும். எங்கள் வீட்டுப் பத்தாயம் ஆறடிக்கு ஆறடி, எட்டடி உயரம். 150 கலம் கொள்ளும் என்று அப்பா சொல்வார். மூட்டைக்கு இரண்டு கலம், ஆக 75 மூட்டை. சிறிய வீடுகளில் இதே வேலையை மண் குதிர் செய்தது. "எங்கப்பன் குதிருக்குள் இல்லை" என்று சொல்லி மாட்டிக்கொண்ட பிள்ளையின் குதிர்தான் அது.

ஒரு வருஷத்துச் சாப்பாடு, விதை, கூலி, கோயிலுக்கு அளப்பது எல்லாம் இந்தப் பெட்டிக்குள் இருந்தன. அது காலியானதற்குப் பல காரணங்கள் உண்டு. 1960-61இல் தீவிர வேளாண்மைத் திட்டத்துக்குத் தேர்ந்தெடுத்த மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. அறுபதுகளின் நடுவில் ஆடுதுறை 27 வந்தது. குறுகிய காலத்தில் விளையும் குறுவை நெல். அறுவடை புரட்டாசி, ஐப்பசியில் விழும். மழையில் நனைந்த நெல்லைப் பத்தாயத்தில் கொட்டினால் சூடேறி முளைவிட்டுவிடும். களத்திலிருந்தே விற்றுவிடுவதுதான் புத்திசாலித்தனம் என்று ஆயிற்று. 1972இல் நுகர்பொருள் வாணிபக் கழகம் ஏற்பட்டது. பிறகு நேரடிக் கொள்முதல் நிலையங்கள் வந்தன, நெல் அங்கே போனது. 1970இல் நில உச்சவரம்பு 30 ஸ்டாண்டர்டு ஏக்கரிலிருந்து 15 ஆகக் குறைந்தது. பெரிய பத்தாயம் தேவைப்பட்ட பெரிய பண்ணைகளும் குறைந்தன. கூலி ரூபாயாக மாறியது. சாப்பாட்டு அரிசி கடையிலிருந்து பையில் வந்தது.

பத்தாயத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசும்போது நாம் சொல்லாமல் விடுகிற பகுதியும் உண்டு. அதை நிரப்பியவர்கள் வேறு, பூட்டுச் சாவி வைத்திருந்தவர்கள் வேறு. பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல் வந்தது. அதன் பிறகும் கூலி நெல்லுக்கான போராட்டம் ஓயவில்லை. அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட தகராறு நடந்த காலத்தில்தான், 1968 டிசம்பர் 25 அன்று, கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அப்போது அது நம் ஒன்றுபட்ட தஞ்சை மாவட்டம். ஒவ்வொரு பத்தாயத்தின் வாயருகிலும் யாரோ ஒருவர் மரக்கால் பிடித்து அளந்திருக்கிறார், இன்னொருவர் முந்தானையை விரித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

இனி, கழிக்கிற வழி. பழம்பொருள் வியாபாரிகள் காரைக்குடியிலிருந்தும் கும்பகோணத்திலிருந்தும் வருகிறார்கள். சிற்ப வேலை உள்ள நிலைக்கதவு, தூண், ஊஞ்சல் என்றால் விலை பேசுவார்கள். பத்தாயத்தைப் பலகைக் கணக்கில்தான் கேட்பார்கள். தச்சரிடம் கொடுத்தால் மேசை, பெஞ்சு ஆக்கித் தருவார். காய்ந்த பழைய மரம் முறுக்காது, வெடிக்காது. ஆனால் உள்ளே ஒளிந்திருக்கும் ஆணிகள் இழைப்பு எந்திரத்தின் கத்தியைப் பல்லுடைத்துவிடும். அதனால் கூலி அதிகம் கேட்பார், அது நியாயம்தான். எதுவும் செய்யாமல் கொல்லையில் போட்டால் கரையான் எடுத்துக்கொள்ளும். கல்யாணச் சமையல் அடுப்புக்குப் போன பத்தாயங்களையும் பார்த்திருக்கிறேன்.

எங்கள் பத்தாயத்துக்கு ஒரு வியாபாரி 9,000 ரூபாய் சொன்னார். அதே வாரம் கீழத்தெருவில் வீடு கட்டிக்கொண்டிருந்த தம்பி ஒருவர் நிலைக்கும் கதவுக்கும் மரம் தேடி வந்தார். அவர் தாத்தாவும் பாட்டியும் எங்கள் வயலில் வேலை செய்தவர்கள். பத்தாயத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எங்க பாட்டி இந்த வாய்கிட்ட நின்னு கூலி நெல்லு வாங்கியிருக்காங்க சார். உள்ள எப்படி இருக்கும்னு ஒரு நாளும் பார்த்ததில்லைன்னு சொல்லுவாங்க" என்றார்.

எடுத்துக்கொள்ளுங்கள், பணம் வேண்டாம் என்றேன். "சும்மா வேணாம் சார்" என்று, வியாபாரி சொன்ன விலையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அதையே எண்ணி வைத்தார். வாங்காமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை. அவருடைய கணக்கு அது.

பிரிக்கும்போது மூடியின் உட்புறத்தில் கரிக்கட்டியால் எழுதிய வரிகள் தென்பட்டன. அப்பாவின் கையெழுத்து. தை மாதமும் வருஷமும் எத்தனை கலம் என்பதும். 1959இல் 138, 1964இல் 120, 1970இல் 65. கடைசி வரி 1975, வெறும் 22. அதற்குக் கீழே பலகை காலி. மேலே நான் வரலாறாக எழுதியதெல்லாம் அந்த ஆறு அங்குலப் பலகையிலேயே இருந்தது.

ஆகவே என்னைக் கேட்ட மூவருக்கும் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். கொடுப்பதற்கு முன் மூடியைக் கழற்றி உள்ளே பாருங்கள். இழுப்பறைகளைக் கவிழ்த்து அடிப்பலகையைப் பாருங்கள். எழுத்து இருந்தால் படம் எடுத்து வையுங்கள். என்ன மரம், யார் செய்தது, என்ன விலை என்று வீட்டில் மூத்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். பிறகு, அந்தச் சாமானைச் சுமந்தவர்கள், துடைத்தவர்கள், அதன் அருகே நின்றவர்கள் வீட்டில் யாருக்காவது வேண்டுமா என்று முதலில் கேளுங்கள். வியாபாரி அடுத்த மாதமும் வருவார்.