தனித்தியங்கும் பின் சஸ்பென்ஷன் (பழைய கார்களில்)

அம்பாசடர், பிரீமியர் பத்மினி போன்ற கார்களில் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே ஆக்சிலில் பிணைந்து லீஃப் ஸ்பிரிங் மீது நிற்கின்றன. ஒன்று பள்ளத்தில் இறங்கினால் மற்றதும் சாய்கிறது. இதைத் தவிர்க்க, இன்ஜின் விசையை இரு சக்கரங்களுக்கும் பகிரும் டிஃபரன்ஷியலைச் சேஸியோடு பொருத்தி, சக்கரத்துக்கு ஒரு ஷாஃப்ட் தனியாகக் கொடுப்பதே மாற்றம். சக்கரத்தோடு சேர்ந்து குதிக்கும் எடை குறைவதால் மோசமான சாலையிலும் பிடிப்பு நிலைக்கிறது. 1961இல் வந்த ஜாகுவார் ஈ-டைப் காரின் தனித்தியங்கும் பின் சஸ்பென்ஷன் தொகுதியை மேலைநாட்டார் பழைய கார்களுக்கு விரும்பி மாட்டினர். ஆனால் இப்படி மாற்றினால் டிஃபரன்ஷியலின் முறுக்குவிசை முழுவதும் சேஸியில் இறங்கும். அந்த இடத்தை வலுப்படுத்தாத வேலை உயிருக்கே ஆபத்து.

கோவையில் இந்த மாற்றத்துக்கு நெருங்கிய, இதைவிடத் துணிச்சலான முயற்சி எஸ். கரிவரதனுடையது. மாருதி 800இன் முன்சக்கர இயக்கத் தொகுதியை ஓட்டுநருக்குப் பின்னால் நகர்த்தி, அதன் ஷாஃப்டுகளால் பின்சக்கரங்களைச் சுழற்றும் ஃபார்முலா மாருதி பந்தயக் காரை 1980களின் பிற்பகுதியில் உருவாக்கினார். எங்கும் கிடைக்கும் பாகங்கள் என்பதால் பந்தயம் இளைஞர்களுக்கு எட்டியது. கோவையின் கார் பந்தய வீரர் நரேன் கார்த்திகேயன் தொடக்கக் காலத்தில் ஓட்டியதும் இதைத்தான். கரிவரதன் 1995இல் வான்விபத்தில் மறைந்தார். செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் தடமான கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்குகிறது.

சாலையில் ஓடும் காரில் தயாரிப்பாளரின் மூல வடிவமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது.