வழக்கறிஞர் ஜான் லாங்: இரு வழக்குகளும் ஓர் இதழும்

இந்தியாவில் ஆங்கிலேயர் ஆட்சி பற்றிய வரலாற்றைப் பயில்வோர் ஆளுநர்களையும் படைத்தலைவர்களையும் நன்கறிவர். அவ்வாட்சியின் குடிமகனாயிருந்தும் அதற்கு எதிராக வழக்காடிய ஜான் லாங்கை அறிந்தோர் சிலரே. அவர் ஏற்ற இரு வழக்குகளை ஒப்பிட்டு நோக்குவோமாயின், நீதி எந்நிலையில் கிட்டுகிறது, எந்நிலையில் மறுக்கப்படுகிறது என்பது நமக்குத் தெளிவாகும்.

லாங் 1816ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில், சிட்னியையடுத்த பாரமட்டாவில் பிறந்தார். அவருடைய தாய்வழிப் பாட்டனார் தண்டனைக் கைதியாக இங்கிலாந்திலிருந்து கப்பலேற்றப்பட்டவர். லாங் லண்டனில் சட்டம் பயின்று 1841இல் வழக்கறிஞரானார். மறு ஆண்டில் இந்தியாவுக்கு வந்தார். 1845இல் 'மொபசிலைட்' என்னும் ஆங்கிலச் செய்தித்தாளைத் தொடங்கினார். தலைநகருக்கு வெளியேயுள்ள ஊர்ப்புறங்களை நாம் இன்றும் 'மொபசல்' என்கிறோமன்றோ? அச்சொல்லினின்றே இதழின் பெயர் பிறந்தது. மீரத் முதலிய வட இந்திய ஊர்களிலிருந்து வெளிவந்த அவ்விதழ் கம்பெனி அதிகாரிகளை அஞ்சாது எள்ளிநகையாடியது. அதன் ஆசிரியர் அவதூறு வழக்கொன்றில் சிறைவாசமும் அனுபவித்தார்.

முதல் வழக்கு ஜோதி பிரசாத் என்னும் வணிகருடையது. ஆப்கானியப் போரிலும் சீக்கியப் போர்களிலும் கம்பெனியின் படைகளுக்கு உணவும் பிற பொருள்களும் வழங்கியவர் அவர். தமக்குச் சேரவேண்டிய பெருந்தொகையை அவர் கேட்டபோது, கம்பெனி பணத்தைத் தராமல் அவர்மீதே மோசடிக் குற்றஞ்சாட்டியது. 1851இல் ஆக்ராவில் நடந்த விசாரணையில் லாங் அவருக்காக வாதாடினார். குற்றஞ்சாட்டியோரின் சாட்சிகள் குறுக்கு விசாரணைக்கு உட்பட்டனர். ஜோதி பிரசாத் குற்றமற்றவரென விடுவிக்கப்பட்டார்.

இரண்டாவது, ஜான்சி அரசி லட்சுமிபாயின் முறையீடு. மன்னர் கங்காதர ராவ் 1853 நவம்பரில் இறந்தார். அதற்கு முந்தைய நாளில் அவர் ஒரு சிறுவனை முறைப்படி தத்தெடுத்திருந்தார். ஆளுநர்-தலைவர் டல்ஹௌசி அத்தத்துரிமையை ஏற்க மறுத்து, வாரிசு இழப்புக் கொள்கையின்படி 1854இல் நாட்டைக் கம்பெனி ஆட்சியுடன் இணைத்தார். அரசி லாங்கை ஜான்சிக்கு அழைத்தார். திரைக்குப் பின்னே அமர்ந்து, தம் ஜான்சியை விட்டுக்கொடுக்க இயலாதென்று அவர் உறுதிபடக் கூறினார். லண்டனுக்கு முறையீடு செய்யுமாறும், அதுவரை எதிர்ப்பைத் தெரிவித்துக்கொண்டே உதவித்தொகையைப் பெறுமாறும் லாங் அறிவுரை கூறினார். முறையீடு பயனற்றுப்போயிற்று.

வழக்கறிஞர் ஒருவரே, அவருடைய திறமையும் ஒன்றே. ஆயினும் முடிவுகள் வேறுபட்டமைக்குக் காரணம் யாது? ஆக்ராவில் கம்பெனி தன் குற்றச்சாட்டைப் பலரறிய மெய்ப்பிக்க வேண்டியிருந்தது, அது இயலவில்லை. ஜான்சி வழக்கிலோ சாட்சிகளை வினவ மன்றமே இல்லை. நாட்டைக் கைக்கொண்டது கம்பெனி; அச்செயல் முறையானதென்று கல்கத்தாவில் முடிவு செய்ததும் கம்பெனி; முறையீட்டை லண்டனில் ஆராய்ந்தோரும் அக்கம்பெனியின் இயக்குநர்களே. வழக்காளியே நீதிபதியாக அமருமிடத்தில் சொல்வன்மையால் விளைவது சிறிதே.

அரசி 1858 ஜூனில் குவாலியருக்கருகே போர்க்களத்தில் மாண்டார். அவரைச் சந்தித்த செய்தியை லாங் 1859இல் வெளியான தம் பயண நூலில் சேர்த்தார. அவர் நாவலாசிரியருமாதலின் அதனை எச்சரிக்கையுடனே படித்தல் வேண்டும். எனினும் அரசியை நேரிற் கண்ட ஐரோப்பியர் வரைந்த அரிய பதிவுகளுள் அதுவும் ஒன்றாகும்.

லாங் 1864இல் முசூரியில் நாற்பத்தேழாம் வயதில் காலமானார். அவரை மாசற்றவராக நாம் உயர்த்த வேண்டுவதில்லை. ஆளும் இனத்தைச் சார்ந்திருந்தும் ஆளப்பட்டோர் பக்கம் நின்று வாதாடினார் என்பது போதும். ஜான்சி வழக்கில் அவர் தோற்றார். எனினும் தோற்றவரின் நியாயம் எழுத்தில் நிலைபெற்றமையால், அரசின் கோப்புகளே வரலாற்றின் முழுமையாகிவிடவில்லை.