விதைவழி வந்த காரம்

உலக வரலாற்றை எழுதுவோர் அரசரையும் படைகளையும் கப்பல்களையும் முன்வைத்து எழுதுதல் மரபு. வாசனைத் திரவியங்களின் வரலாறும் அவ்வாறே எழுதப்பட்டு வந்துள்ளது. மிளகு, கறுவா, சாதிக்காய், கராம்பு என்பவற்றின் பொருட்டுப் பேரரசுகள் மோதின, கோட்டைகள் எழுந்தன, தீவுகள் கைம்மாறின. ஆயின் இன்று மக்களுட் பெருந்தொகையினரின் உணவிற்குக் காரஞ் சேர்ப்பது மிளகாய். அதனைத் தன் தனியுரிமையாக்கி நிலைத்த வணிகக் கழகம் எதுவும் இல்லை. புதிய உலகத்திற் பிறந்த அச்செடி ஒரு நூற்றாண்டளவிலே பழைய உலகத்தின் பெரும்பகுதியைத் தன்னடிப்படுத்தியது. இவ்வேறுபாட்டின் காரணம் யாது? ஒரு வீட்டின் கிணற்றடியிலே சிரட்டையில் இட்ட விதை எவ்வாறு முளைக்கின்றது என்பதை உற்று நோக்குவார்க்கு அக்காரணம் விளங்கும். அதனை ஈண்டு ஆராய்வாம்.

பெயர் கூறும் செய்தி

சங்க நூல்களிலே மிளகு உண்டு, மிளகாய் இல்லை. கறி என்னும் சொல் அந்நூல்களில் மிளகையே குறித்தது. யவனரின் மரக்கலங்கள் பொன் கொணர்ந்து முசிறியில் மிளகு ஏற்றிச் சென்றமையை அகநானூறு பாடும். பிற்காலத்திலே கடல் கடந்து வந்த புதிய காயைக் கண்ட தமிழர் அதன் காரத்தைத் தாம் அறிந்த காரத்தோடு ஒப்பிட்டு மிளகாய் எனப் பெயரிட்டனர். சிங்கள மக்கள் மிளகின் பெயராகிய மிரிஸ் என்பதை மிளகாய்க்கே கொடுத்துவிட்டு, பழைய மிளகைக் கம்மிரிஸ், அஃதாவது ஊர்மிளகு, என்றனர். தாய்லாந்து மக்களும் இவ்வாறே செய்தனர். பிறிக் என்பது அவர்க்கு இன்று மிளகாய். பிறிக் தாய் என்பதே மிளகு. ஒருவரையொருவர் கேளாது இரு நாட்டார் ஒரே வகையாற் பெயரிட்டமை கருதத்தக்கது. விருந்தினன் வீட்டுக்காரனின் பெயரைப் பெற்றான். வீட்டுக்காரன் அடைமொழி சூட்டிக்கொள்ள நேர்ந்தது. புதுப்பயிர் எத்துணை விரைவாகவும் ஆழமாகவும் மக்கள் வாழ்விற் புகுந்தது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

காவலில் இருந்த விதை

மிளகு பழைய உலகத்தின் செல்வம். கி.பி. 408இல் உரோமை நகரை முற்றுகையிட்ட அலாரிக்கு என்பான் கேட்ட மீட்புப் பொருள்களுள் 3,000 இறாத்தல் மிளகும் ஒன்று. அத்துணை மதிப்பு அதற்கு எவ்வாறு வந்தது? மிளகுக்கொடி மழை மிக்க வெப்பநாடுகளிலன்றி வளராது. மேலும், சந்தைக்கு வரும் கருமிளகு முற்றிப் பழுக்குமுன் பறித்து உலர்த்தப்படுவது. அதனை விதைத்தால் முளைக்காது. ஆதலால் மிளகை விற்றவர் விதையை விற்றவரல்லர். வாங்குவோர் ஆண்டுதோறும் மீண்டும் வாங்கியே தீரவேண்டும்.

சாதிக்காயின் வரலாறு இதனினும் கொடிது. பண்டா என்னும் சிறு தீவுக்கூட்டத்திலேயே அம்மரம் அந்நாளிற் பயிராயிற்று. 1621இல் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கழகத்தின் ஆட்சித்தலைவன் கூன் அத்தீவுகளைக் கைப்பற்றியபோது குடிகளுட் பெரும்பாலோர் கொல்லப்பட்டும் அடிமைகளாக்கப்பட்டும் சிதறடிக்கப்பட்டும் போயினர். அதன்பின் ஏற்றுமதியாகும் சாதிக்காயைக் கழகத்தார் சுண்ணாம்பு நீரில் தோய்த்தனர். பூச்சியைத் தடுத்தலோடு அது பிறநாட்டில் முளைத்துவிடாமற் காத்தலும் அவர் கருத்தாயிற்று. 1770இல் பிரெஞ்சுக்காரராகிய பியர் புவாவர் என்பாரின் முயற்சியால் நாற்றுகள் மொரிசியசுத் தீவை அடைந்தன. 1796க்கும் 1802க்கும் இடையிலே பண்டாவைத் தம் கைவசம் வைத்திருந்த ஆங்கிலேயர் பினாங்கு முதலிய இடங்களுக்கு அம்மரத்தைக் கொண்டு சென்றனர். இவ்வாறு சாதிக்காய்த் தனியுரிமையின் காவல் உடைந்தது. நம் ஈழத்திலே கறுவாவைக் கழகத்தின் அனுமதியின்றி உரித்தல் ஒல்லாந்தர் ஆட்சியிற் கடுந்தண்டனைக்குரிய குற்றமாயிருந்ததையும் நினைவு கூர்க. விதையையும் மரத்தையும் காவல் செய்தவர் விலையை வகுத்தனர்.

பறவை விதைத்த பயிர்

மிளகாயின் பிறப்பிடம் அமெரிக்கக் கண்டம். எக்குவடோரிலே ஏறத்தாழ 6,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட குடியிருப்புகளில் மனிதர் அதனைப் பயன்படுத்தினர் என்பதை, கலங்களிலும் அரைகற்களிலும் எஞ்சிய மாப்பொருள் மணிகளைக் கொண்டு ஆய்வாளர் 2007இல் வெளிப்படுத்தினர். காட்டு மிளகாய் சிறியது, நிமிர்ந்து நிற்பது, பழுத்தாற் செந்நிறம் காட்டுவது. அதன் காரத்துக்குக் காரணமான கப்சைசின் என்னும் பொருள் பாலூட்டிகளின் வாயை எரிக்கும். பறவைகளோ அதனை உணர்வதில்லை. எலி முதலியன விதையைக் கடித்து அழிக்கும். பறவை பழத்தை விழுங்கி விதையைப் பழுதின்றித் தொலைவில் இடும். எனவே காரம் என்பது விதையை அழிப்பவரை விலக்கி, விதைப்பவரை அழைக்கும் சூழ்ச்சி என 2001இல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. கப்சைசின் பழத்தைப் பூஞ்சணத்தினின்றும் காக்கின்றது என்பது பின்னர்ப் பொலிவியாவில் நடந்த ஆய்வின் முடிபு.

காரத்தை விரும்பித் தேடிய பாலூட்டிகள் மிகச் சிலவே; அவற்றுள் மனிதன் ஒருவன். அமெரிக்கப் பழங்குடியினர் ஐந்து இனங்களைப் பயிர்ப்படுத்தினர். அவற்றுள் அமேசன் தாழ்நிலத்தைச் சார்ந்து பயின்ற ஓரினமே இன்று உலகின் கடுங்கார மிளகாய்களுக்குத் தாய். மேற்கிந்தியத் தீவுகளின் வழியே பரவிய அதனை 1776இல் சக்குவின் என்னும் தாவரவியலார் சீனத்துக்குரியதெனப் பிழையாகக் கருதிக் கப்சிக்கம் சைனென்சே எனப் பெயரிட்டார். 1542இலே செருமானியராகிய பூக்சு என்பார் தம் மூலிகை நூலில் மிளகாயைக் கோழிக்கோட்டு மிளகு என்றார். கொலம்பசு முதன்முதல் மேற்கே சென்ற 1492ஆம் ஆண்டிற்கும் பூக்சின் நூலுக்கும் இடையே ஐம்பதாண்டே. அதற்குள் அச்செடியின் பிறப்பிடத்தையே அறிஞர் மறந்தனர். இப்பிழைகள் ஒரு செய்தியை உணர்த்துகின்றன. ஆவணம் எழுதுவோர் அறியுமுன் விதை ஊர்களை அடைந்துவிட்டது.

போர்த்துக்கேயரின் கப்பல்கள் அதனைக் கொணர்ந்தன என்பது உண்மையே. ஆயினும் கப்பல் துறைமுகத்தோடு நின்றுவிடும். துறைமுகத்திலிருந்து மலைநாட்டுக்கும் வறண்ட உள்நாட்டுக்கும் மிளகாயைக் கொண்டு சென்றது எது? பழுத்து உலர்ந்த மிளகாயினுள் உயிருள்ள விதை கிடக்கின்றது. விற்ற சரக்கே விதையாயிற்று. ஒரு காயை வாங்கியவள் அதனை உடைத்து முற்றத்தில் உதறினால், சில மாதங்களில் அடுத்த முறை வாங்கவேண்டியதில்லை. சுண்ணாம்பு நீரும் கோட்டையும் இதன்முன் என் செய்யும்?

மனைத்தோட்டமும் விதையும்

ஈண்டு விதையிலிருந்து கடுங்கார மிளகாயை வளர்க்கும் முறையைச் சிறிது கூறுதல் பொருந்தும். வரலாற்றை இயக்கிய தொழில் இதுவே.

விதைக்கென நோயற்ற செடியில் நன்கு பழுத்த காயைத் தெரிந்தெடுத்தல் வேண்டும். காரம் விதையிலே உண்டாவதன்று. விதை ஒட்டியிருக்கும் வெண்ணிறச் சூல்வித்தகத்திலேயே உண்டாகின்றது. ஆதலின் கடுங்கார இனங்களைப் பிளக்கும்போது கையுறை அணிதலும் கண்ணைத் தொடாதிருத்தலும் அவசியம். பிரித்த விதையை நிழலில் உலர்த்தி, ஈரம் புகாத போத்தலில் வைத்தால் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முளைக்கும் திறன் பெரும்பாலும் குன்றாது.

கறிக்கு வேண்டிய வழக்கமான மிளகாய் விதை ஏழு முதற் பத்து நாட்களில் முளைக்கும். கடுங்கார இனமோ பொறுமையைச் சோதிப்பது. இரண்டு முதல் நான்கு கிழமைகள், சிலபோது அதற்கு மேலும் செல்லும். 25 முதல் 30 பாகை வரையுள்ள வெப்பம் அதற்கு உகந்தது. குளிர்நாட்டார் மாசியிலே வீட்டினுள் சூடேற்றிய தட்டுகளில் விதைத்துக் காத்திருப்பர். நமக்கு வெயிலே அப்பணியைச் செய்கின்றது. அடியில் துளையிட்ட சிரட்டையில் நன்கு மக்கிய எருவும் மணலும் கலந்து நிரப்பி, அரைச் சதமமீற்றர் ஆழத்தில் விதைத்து, மண் காயாமலும் நீர் தேங்காமலும் காத்தல் போதும். நீர் மிகுந்தால் நாற்றின் அடி அழுகும். நாலைந்து இலை விட்டபின் மாலைப்பொழுதில் நட்டு, சில நாட்களுக்குக் கிடுகால் நிழல் செய்தல் நன்று. கடும் வெப்பத்திற் பூ உதிரும். இலைச்சாறு உறிஞ்சும் சிறு பூச்சிகள் தாக்கினால் இலை சுருளும். விதைத்ததிலிருந்து பழம் பழுக்க நான்கைந்து மாதம் ஆகலாம்.

இனித் தூய விதை பெறுதல் எவ்வாறு? மிளகாய்ப் பூ தன் மகரந்தத்தாலேயே காய்க்க வல்லது. எனினும் தேனீ அயற்செடியின் மகரந்தத்தையும் கொணரும். கலப்பு நேர்ந்தால் அவ்வாண்டின் காய் மாறாது. அதன் விதையிலிருந்து எழும் செடியே மாறும். ஆகவே பூ விரியுமுன் மெல்லிய துணிப்பையால் மூடி, காய் பிடித்தபின் பையை நீக்கி, நூல் கட்டி அடையாளம் இடுதல் வேண்டும். பல தலைமுறைகள் இவ்வாறு தெரிந்தெடுத்தாலன்றி ஓர் இயல்பு நிலைபெறாது. துணிப்பையை அறியாத முன்னோரும், சிறந்த காயை விதைக்கென ஒதுக்கும் வழக்கத்தால் இதே பணியைத் தலைமுறைதோறும் செய்தனர்.

அசாமிலிருந்து இன்றுவரை

அவ்வழக்கம் எத்துணை ஆற்றலுடையது என்பதற்கு இந்தியாவின் வடகிழக்குப் பகுதி சான்று. அங்கே நாகரும் அசாமியரும் மணிப்புரியினரும் தம் வீட்டுத் தோட்டங்களில் வளர்த்து வந்த மிளகாய் ஒன்றை அசாமியர் பூத் சோலோக்கியா என்பர். 2000இல் தேசுப்பூரிலுள்ள இந்தியப் பாதுகாப்பு ஆய்வுகூடம் அதன் காரத்தை அளந்து 855,000 ஸ்கோவில் அலகு என அறிவித்தது. அமெரிக்க ஆய்வாளரான வில்பர் ஸ்கோவில் 1912இல் வகுத்த அளவை அது. மிளகாய்ச் சாற்றை எத்தனை மடங்கு சருக்கரை நீரிற் கரைத்தால் நாவுக்கு எரிவு தோன்றாது என்பதே அதன் அடிப்படை. நியூ மெக்சிக்கோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் அம்மிளகாயை விதையிலிருந்து வளர்த்து அளந்தபோது 1,001,304 அலகு கண்டனர். 2007இல் கின்னசு நூலார் அதனை உலகின் மிகக் காரமான மிளகாயென ஏற்றனர். மரபணு ஆய்வு அது சைனென்சே இனத்தில் புருட்டெசன்சு இனத்தின் கலப்பும் உடையது எனக் காட்டிற்று. பெயர் எழுதப்படாத குடியானவர் பெருக்கிக் காத்த செல்வத்தை ஆய்வுகூடம் பின்னரே கண்டது.

அதன்பின் போட்டி எழுந்தது. 2013இல் தென் கரோலைனா வளர்ப்பாளர் ஒருவரின் கரோலைனா ரீப்பர் என்னும் மிளகாய் முதலிடம் பெற்றது. அதன் விதை உலகெங்கும் வீட்டுத் தோட்டங்களுக்குப் பரவிற்று. 2023இல் அவரே உண்டாக்கிய பெப்பர் எக்ஸ் 2,693,000 அலகோடு அதனை விஞ்சியது. அப்போது அவர் அதன் காயையும் விதையையும் விற்கப்போவதில்லை என அறிவித்தார். முன்னையதன் பயனைப் பிறர் அனுமதியின்றித் துய்த்தமையே காரணம் என்றார். உழைத்தவன் தன் உழைப்பின் பயனை வேண்டுதல் முறையே. எனினும் வரலாறு கற்றவர்க்குப் பண்டாத் தீவின் சுண்ணாம்பு நீர் நினைவிற்கு வராமற்போகாது. ஐந்து நூற்றாண்டாகத் தடையின்றி நடந்த விதை இப்பொழுது பூட்டினுள் நிற்கின்றது.

நம் கடமை

ஈழத்தவராகிய நமக்கும் இதிற் பங்குண்டு. சிறியதாய்க் கடுங்காரமுடைய கொச்சி மிளகாயும், சைனென்சே இனத்தைச் சார்ந்து நறுமணம் கமழும் நை மிரிசும் நம் நாட்டு வளவுகளில் வளர்வன. மட்டக்களப்பார் மிளகாயைக் கொச்சிக்காய் என்றே வழங்குவர். 1970 முதல் 1977 வரை இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட காலத்திலே யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் மிளகாயும் வெங்காயமும் உழவரை உயர்த்தின. 1977இல் சந்தை திறக்கப்பட்டபின் அவ்வுயர்வு தளர்ந்தது. மகா இலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையத்தின் பெயரெழுத்துகளைத் தாங்கிய எம்.ஐ.1, எம்.ஐ.2 முதலிய வகைகளின் விதையை உழவன் தானே எடுத்து மறுபோகம் விதைக்க முடிந்தது. இன்று கடைகளில் விற்கும் கலப்பின விதை மிகுந்த விளைவு தருவது; ஆயின் அதன் காயிலிருந்து எடுத்த விதை தாயை ஒத்திராது. உழவன் ஆண்டுதோறும் மீண்டும் வாங்கியே தீரவேண்டும். மிளகு வாங்கிய உரோமனின் நிலை இதுவன்றோ?

கலப்பின விதையை இகழ்தல் நம் கருத்தன்று. பெருந்தோட்டக்காரனுக்கு அது வேண்டியதே. ஆனால் ஓர் ஊரின் பழைய விதை, காப்பாரின்றி ஒருமுறை அழிந்தால், எந்த விலைக்கும் மீளாது. அதனைக் காப்பதற்குப் பெருநிலமும் பெரும்பொருளும் வேண்டா. ஒரு சிரட்டை மண்ணும், ஒரு துணிப்பையும், பழுத்த காய்களுட் சிறந்ததை உண்ணாது ஒதுக்கி வைக்கும் மனமும் போதும். அம்மனம் வளவுகளில் உள்ளவரை மிளகாய் எவர் பூட்டுக்கும் அடங்காது.