இல்லை என்று எழுதிய அரசு



அரசு இரகசியம் என்றதும் நமக்குப் பீரங்கி பேரமும் விமான பேரமும் நினைவுக்கு வருகின்றன. பூட்டிய அலமாரி, முத்திரையிட்ட உறை, 1923இல் வெள்ளைக்காரன் போட்டுவிட்டுப் போன அலுவல் இரகசியச் சட்டம். இன்று நான் பேச வந்தது வேறொரு வகை இரகசியம். தெருவில் எல்லார் கண்ணுக்கும் தெரிகிற ஒன்றைக் கோப்பில் மட்டும் இல்லை என்று எழுதுவது. கையால் மலம் அள்ளுவது குறித்து இந்தியக் குடியரசு எழுதிவைத்த பொய்களுக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

கோலார் தங்கவயலிலிருந்து தொடங்கலாம். தமிழ்த் தலித்துகளின் உழைப்பில் எழுந்த ஊர் அது. தொழிலாளர் குடியிருப்புகளில் இருந்தவை எடுப்புக் கக்கூஸ்கள். அவற்றை அள்ளியவர்கள் தெலுங்கு பேசும் தோட்டி சமூகத்தினர். அந்தச் சமூகத்தில், அந்த ஊரில் பிறந்தவர் பெஜவாடா வில்சன். 1986 முதல் அமைச்சர்களுக்கும் பத்திரிகைகளுக்கும் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். 1993இல் மலம் அள்ளும் தொழிலைத் தடைசெய்யும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதைக் காட்டிக் கேட்டபோது, தங்கள் பகுதியில் எடுப்புக் கக்கூஸே கிடையாது என்றது பொதுத்துறைச் சுரங்க நிர்வாகம். வில்சன் படம் எடுத்தார். டெக்கான் ஹெரால்டில் படங்கள் வெளியான பிறகுதான் நிர்வாகம் கூடிப் பேசி, கக்கூஸ்களைத் தண்ணீர்க் கழிப்பிடங்களாக மாற்றி, அள்ளியவர்களை வேறு வேலைக்கு அனுப்பியது.

ஒன்றைக் கவனியுங்கள். நிர்வாகத்திற்குத் தெரியாமல் இல்லை. வாளியும் துடைப்பமும் கொடுத்துச் சம்பளம் போட்டதே அதுதான். தெரிந்த ஒன்றைத் தெரியாது என்றது. அதை உடைக்கும் வேலை அள்ளியவர்களின் பிள்ளைகள் தலையில் விழுந்தது.

அந்தச் சட்டத்தின் கதையும் இதுதான். துப்புரவு மாநிலப் பட்டியலில் வரும் பொருள் என்பதால், ஆறு மாநிலங்கள் கேட்டுக்கொண்டதன் பேரில் அது நிறைவேற்றப்பட்டது. மற்ற மாநிலங்கள் தீர்மானம் போட்டு ஏற்றால்தான் அங்கே செல்லும். 1993இல் நிறைவேறிய சட்டம் நடைமுறைக்கு வந்தது 1997 ஜனவரி 26 அன்று. குடியரசு நாளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள்! தண்டனை ஓராண்டு வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம். ஆனால் வழக்குத் தொடர நிர்வாக அதிகாரியின் முன் அனுமதி வேண்டும். எடுப்புக் கக்கூஸ்களை நடத்தியவற்றில் நகராட்சிகளும் உண்டு. குற்றம் செய்கிற அரசிடமே போய், உன்மீது வழக்குப் போடட்டுமா என்று கேட்க வேண்டும். சட்டம் படிக்கும் மாணவர்கள் இந்தப் பிரிவை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள்.

2003இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை வந்தது. 600 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்தும் மறுவாழ்வுத் திட்டம் தன் நோக்கத்தை எட்டவில்லை என்றது. அதே ஆண்டு டிசம்பரில் சஃபாய் கர்மசாரி ஆந்தோலனும் வேறு சில அமைப்புகளும், இத்தொழிலில் தள்ளப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த ஏழு பேரும் உச்ச நீதிமன்றம் போனார்கள். மத்திய அரசின் 2002-03 கணக்கிலேயே 6.76 லட்சம் பேர் இத்தொழிலில் இருந்தார்கள். அப்படியிருந்தும் எங்கள் மாநிலத்தில் இல்லை என்று பிரமாணப் பத்திரங்கள் வந்தன. சத்தியம் செய்து எழுதிய பொய்கள். ஒவ்வொரு 'இல்லை'க்கும் எதிராக மனுதாரர்கள் ஊர் ஊராகப் போய்க் கணக்கெடுத்தார்கள், படம் எடுத்தார்கள். கூடையோடு நிற்கும் பெண்ணைப் படம் எடுத்துக் கோர்ட்டில் காட்ட வேண்டியிருந்தது. தன் இழிவைத் தானே சான்றாகக் கொண்டுவந்து நிறுத்தினால்தான் குடியரசு நம்பும். என்னைப் பொறுத்தவரை அந்தப் பொய்களைவிடக் கொடியது இந்த ஏற்பாடு.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டுக்கு வீடு கழிப்பிடத்தைப் பற்றியும் கேட்டார்கள். மனிதர்கள் மலம் அகற்றும் கழிப்பிடங்கள் 7,94,390 என்று அரசின் சொந்தக் கணக்கே சொன்னது. ஆளே இல்லை என்று சத்தியம் செய்தவர்களிடம், இத்தனை லட்சம் கழிப்பிடங்களை அள்ளியது யார் என்று கேட்க வேண்டாமா?

2013இல் புதிய சட்டம் வந்தது. பழையதைவிட எவ்வளவோ மேல். சாக்கடை, மலக்குழி, ரயில் தண்டவாளம் எல்லாம் அதன் பார்வைக்குள் வந்தன. ஆனால் வரையறையின் விளக்கத்தில் ஒரு வரி உண்டு: மத்திய அரசு அறிவிக்கும் கருவிகளோடும் பாதுகாப்புச் சாதனங்களோடும் மலத்தைச் சுத்தம் செய்பவர் 'கையால் மலம் அள்ளுபவர்' ஆகமாட்டார். அதாவது அறிவித்தபடி கையுறையும் காலணியும் கொடுத்துவிட்டால், வேலை அப்படியே இருக்கும். ஆள் மட்டும் கணக்கிலிருந்து மறைந்துபோவார். பழைய பொய்யை ஒரு படத்தால் உடைக்க முடிந்தது. வரையறைக்குள் புகுந்துகொண்ட பொய்யை எந்தப் படத்தால் உடைப்பது?

அது எப்படி வேலை செய்கிறது என்று 2021இல் பார்த்தோம். பிப்ரவரியில் நாடாளுமன்றத்துக்குத் தந்த பதிலில், ஐந்தாண்டில் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் இறந்தவர்கள் 340 பேர் என்றது அரசு. அதில் தமிழ்நாட்டின் பங்கு 43. ஜூலையில் மாநிலங்களவையில் அமைச்சர் ராம்தாஸ் அதாவலே, கையால் மலம் அள்ளியதால் இறந்ததாக ஒரு தகவலும் இல்லை என்றார். இரண்டும் ஒரே அரசின் பதில்கள். சாக்கடையில் செத்தவர் 'அபாயகரமான சுத்திகரிப்பு' என்ற வேறு பத்தியில் போய்விடுகிறார். அதே ஜூலையில்தான் ஆக்சிஜன் இல்லாமல் இறந்ததாக மாநிலங்கள் தெரிவிக்கவில்லை என்ற பதிலும் வந்தது. அப்போது நாடே கொதித்தது. நம் சாவுக்கு அந்தக் கொதிப்பு இல்லை.

தமிழ்நாட்டில் திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படம் 2017இல் வந்தபோது பல இடங்களில் திரையிட அனுமதி மறுத்தார்கள். 2020இல் துப்புரவுப் பணியாளர் 'தூய்மைப் பணியாளர்' ஆனார். பெயரை மாற்றுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. வேலையை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் மாற்றுவதில்தான் ஆட்சேபம்.

இந்தப் பொய்க்குப் பண மதிப்பும் உண்டு. 1993 முதல் சாக்கடையில் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இறப்பு எந்தப் பத்தியில் எழுதப்படுகிறது என்பதைப் பொறுத்தே அந்தப் பணம் வரும் அல்லது வராது. அந்தப் பத்தி முதலில் எழுதப்படும் இடம் டெல்லி இல்லை. உள்ளூர்க் காவல் நிலையம். தொட்டி சுத்தம் செய்ய இறங்கி விஷவாயுவில் இறந்தவரை, 'தவறி விழுந்து இறந்தார்' என்று முதல் தகவல் அறிக்கையில் எழுதிவிட்டால், பிறகு நாம் எல்லா மேடையிலும் அந்த ஒரு வரியோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். அதனால் அடுத்த முறை செய்தி வந்ததும் அஞ்சலிச் சுவரொட்டிக்கு முன்னால் அறிக்கையின் நகலைக் கேளுங்கள். தொட்டியில் இறக்கியது யார், எந்த வேலைக்காக என்ற இரண்டும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உடலை வாங்குவதற்கு முன்பே எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள்.