தகரச் சீட்டும் தீவுத் திருவிழாவும்

நாம் பங்குப்பணி ஆற்றும் காஞ்சி நகரில், பட்டு நெசவாளர் வீடுகளுக்குத் தார் சுற்றிக் கொடுத்துப் பிழைக்கும் தாய் ஒருவர் இருக்கிறார். வயது அறுபதைக் கடந்துவிட்டது. இலங்கை மலையகத்தில் பிறந்து, சிறுமியாய் இருக்கையில் பெற்றோருடன் கப்பலேறித் தமிழகம் வந்தவர். கல்லறைத் திருநாளன்று திருப்பலி முடிந்ததும் அவர் நம்மிடம் வந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு பொருளை எடுத்தார். துளையிட்ட சிறு தகர வில்லை அது. அதன் மேல் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் பொறிக்கப்பட்டிருந்தன. "சாமி, இது எங்க அப்பாவைப் பெத்த தாத்தா கழுத்துல கெடந்தது. மந்திரிச்சுக் குடுங்க" என்றார்.

செபமாலையையும் சுரூபத்தையும் மந்திரித்துப் பழகிய நம் கை சற்றே தயங்கியது. அது பக்திப் பொருளன்று. ஒரு மனிதரை எல்லை தாண்டி அனுப்புகையில், அவர் இன்ன தோட்டத்துக்கு உரியவர் என்று கட்டிவிட்ட அடையாளம். அதற்குப் பின்னே நூறாண்டு வரலாறு நிற்கிறது. நாடுகள் தம் வாயில்களைக் காப்பது எப்படி, அந்த வாயில்களில் நிற்கும் மனிதரைக் காப்பவர் யார் என்னும் வினாவும் நிற்கிறது. அவ்வினாவை வாசகர்களோடு சேர்ந்து சிறிது எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கல்லில் பொறித்த வாக்கு

காஞ்சிக்கும் இலங்கைக்கும் உள்ள உறவு மிகப் பழையது. ஏழாம் நூற்றாண்டில், ஏறத்தாழ 640இல், சீனத் துறவி யுவான் சுவாங் காஞ்சிக்கு வந்தார். இங்கிருந்து இலங்கைக்குக் கடல் கடப்பதே அவர் எண்ணம். ஆனால் இலங்கையிலிருந்து வந்திருந்த துறவியரை இந்நகரிலேயே சந்தித்தார். அங்கே மன்னர் இறந்தார், பஞ்சம் நிலவுகிறது என்னும் செய்தியை அவர்கள் சொல்லக் கேட்டுத் தம் பயணத்தைக் கைவிட்டார். அக்கரையின் துயரம் இக்கரையில் உடனே அறியப்பட்ட காலம் அது.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் இலங்கையை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு, யாழ்ப்பாணத்தை அடுத்த நயினாதீவில் ஒரு கல்வெட்டை நாட்டினார். சிங்கள மன்னரின் அந்த ஆணை தமிழில் உள்ளது என்பது நம் கருத்தில் நிற்கத் தக்கது. வரும் வணிகர் எந்த மொழியைப் படிப்பாரோ அந்த மொழியில் அரசர் பேசினார். பிறநாட்டார் ஊராத்துறையில் வந்து தங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்பட வேண்டும் என்கிறது அக்கல்வெட்டு. யானையும் குதிரையும் ஏற்றி வரும் மரக்கலம் உடைந்துபோனால், நான்கில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவருக்கு. பிற சரக்கு ஏற்றிய கலமாயின் சரிபாதி. கரை ஒதுங்கிய பொருள் முழுவதையும் அரசரே எடுத்துக்கொண்டாலும் கேட்பாரில்லை என்றிருந்த உலகில், கப்பலை இழந்தவருக்கும் உரிமை உண்டு என்று அது சொல்லிற்று. யானை, குதிரை ஏற்றியவருக்கு மட்டும் ஏன் கூடுதல் பங்கு? அரசருக்கு வேண்டிய படைப்பொருள் அவை என்பது வெளிப்படை. ஆயினும் வருகிறவரின் அச்சத்தை அறிந்து எழுதிய ஆணை என்பதில் ஐயமில்லை.

அதே வாயில் அடைபட்ட காலமும் வந்தது. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்கள் நுழைவதைத் தடைசெய்தனர். 1687இல் கோவாவின் யோசேப் வாஸ் அடிகளார் தூத்துக்குடியிலிருந்து ஏழைக் கூலியாள் வேடத்தில் அக்கடலைக் கடந்தார். பின்னர் 1692இல் கண்டியில் போர்த்துக்கீச உளவாளி என்ற ஐயத்தின் பேரில் சிறைப்பட்டார். ஆயினும் தம்மை ஐயுற்ற மக்களை வெறுக்கவில்லை. கண்டியில் அம்மை நோய் பரவியபோது கைவிடப்பட்ட நோயாளரைத் தம் கையாலேயே பேணினார். 2015ஆம் ஆண்டு சனவரி 14 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைக் கொழும்பில் புனிதராக உயர்த்தினார். நம் திருச்சபையின் புனிதருள் ஒருவர் இக்கடல் வாயிலில் மறைந்து நுழைந்தவர் என்பதை நாம் மறக்கலாகாது.

மண்டபம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கை மலைகளில் காப்பித் தோட்டங்களும் அவற்றுக்குப் பின் தேயிலைத் தோட்டங்களும் எழுந்தன. தமிழகத்தின் வறண்ட ஊர்களிலிருந்து ஏழை மக்கள் கங்காணிகளின் பின்னே சென்றனர். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளை வரை நடந்தனர். பசியும் வாந்திபேதியும் அவ்வழி நெடுகப் பலரை மண்ணில் சாய்த்தன. எத்தனை பேர் என்று கணக்கு வைக்கவும் ஆளில்லை. ஆகவே பயணிகளைச் சோதிக்கும் ஏற்பாடு பிறந்ததே அநீதி என்று எவரும் சொல்ல இயலாது. நோயாளியைக் கண்டறிந்து மருந்தளிப்பதும், அம்மை குத்துவதும், நோய் ஊர் புகாமல் தடுப்பதும் உயிர் காக்கும் செயல்களே.

முதலில் தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறையில் அதற்கென ஒரு முகாம் இருந்தது. 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியதும் வழி மாறிற்று. சென்னை எழும்பூரில் ஏறியவர் இரயிலும் கப்பலுமாகக் கொழும்பை அடையலாம். நம் காஞ்சி வட்டாரத்தார் செங்கற்பட்டில் அவ்வண்டியைப் பிடிக்கலாம். அப்பாதையின் வாயிலாக மண்டபம் முகாம் அமைந்தது. இந்திய மண்ணில், இலங்கை அரசு தன் மருத்துவரையும் அலுவலரையும் வைத்து நடத்திய முகாம் அது.

இன்று இத்தகைய ஏற்பாட்டை ஏதோ புதுமை என்று எண்ணுகிறோம். 1952 முதல் கனடாவின் டொராண்டோ விமான நிலையத்தில் அமெரிக்க அதிகாரிகள் தம் நாட்டுக்குச் செல்வோரைச் சோதிக்கிறார்கள். 2014 முதல் அபுதாபியிலும் அவ்வாறே. அவற்றுக்கு நெடுநாள் முன்பே நம் கடற்கரையில் வேறொரு நாட்டின் வாயில் நின்றது.

அவ்வாயிலில் தொழிலாளர் சில நாட்கள் தங்கவைக்கப்பட்டனர். உடைகள் நோய்நீக்கம் செய்யப்பட்டன. அம்மை குத்தப்பட்டது. கொக்கிப்புழுவுக்கு மருந்து தரப்பட்டது. மேல்வகுப்புப் பயணிகளுக்குப் பொதுவாக மருத்துவரின் பார்வையே போதுமானதாயிற்று. நோய்க்கு ஏழை, செல்வர் என்ற வேறுபாடு தெரியாது. வாயிலுக்குத் தெரிந்திருந்தது.

தகரச் சீட்டு இங்கேதான் வருகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏற்பட்ட முறை அது. தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் பொறித்த வில்லையைத் தொழிலாளி கட்டிக்கொள்வார். வழியிலுள்ள அலுவலர் எவரும் அவரிடம் பெயர் கேட்க வேண்டியதில்லை. வில்லையைப் பார்த்து இன்ன தோட்டத்துக்கு அனுப்பிவிடலாம். செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும், பின் தொழிலாளியின் கடனாக மாறும். இந்தக் கடனைக் குறித்த 'துண்டு' என்னும் சீட்டு முறையால் மனிதர் தோட்டம் விட்டுத் தோட்டம் கைமாறினர். அம்முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

காஞ்சிப் பட்டுச் சேலையிலும் இன்று ஒரு முத்திரைச் சீட்டு தொங்குகிறது. இது தூய பட்டு என்று வாங்குவோருக்கு உறுதி சொல்வதற்காக. சேலைக்கு அது தகும். தகரச் சீட்டும் வாங்குவோருக்கே உறுதி சொன்னது. கட்டியிருந்தவருக்கு என்ன உறுதி சொன்னது என்று நாம் கேட்க வேண்டும்.

மாற்றம் மெல்ல வந்தது. 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டம், கடல் கடக்கும் தொழிலாளரின் நலம் அனுப்பும் நாட்டின் பொறுப்பும் ஆகும் என்று வகுத்தது. 1923இல் இந்திய அரசின் முகவர் ஒருவர் கண்டியில் அமர்த்தப்பட்டார். அதுவரை வாயிலில் இருந்தது பெறுகிறவரின் கண் மட்டுமே. இப்போது அனுப்புகிறவரின் கண்ணும் சேர்ந்தது. குறைகள் தீர்ந்துவிடவில்லை. ஆனால் முறையிட ஓர் இடம் கிடைத்தது. 1939இல் தொழிலாளர் செல்வதையே இந்திய அரசு தடைசெய்தது.

திரும்பி வந்தோர்

இரு அரசுகள் கைகோத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? அடுத்த ஏடு அவ்வாறு நம்பவிடவில்லை. 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று சாஸ்திரியும் சிறிமாவோவும் உடன்பாடு கண்டனர். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டனர். அரசுகளின் ஒத்துழைப்பு இங்கே நிறைவாக இருந்தது. பங்கிடப்பட்டவர்களின் குரல் மட்டும் அந்த மேசையில் இல்லை.

தாத்தாக்கள் புறப்பட்டுச் சென்ற அதே மண்டபத்துக்குப் பேரப்பிள்ளைகள் வந்து சேர்ந்தனர். போகும்போது தனுஷ்கோடி இருந்தது. 1964 திசம்பர்ப் புயலில் அவ்வூர் அழிந்துவிட்டதால், வரும்போது கப்பல் இராமேசுவரத்தில் நின்றது. 1983க்குப் பின் போருக்கு அஞ்சி ஓடிவந்த ஈழத்தமிழர் அதே முகாமில் அடைக்கலம் பெற்றனர். 2021இல் தமிழக அரசு இத்தகைய முகாம்களுக்கு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றிற்று. கூலியாகப் போனவர், நாடற்றவராகத் திரும்பியவர், அகதியாக வந்தவர் என மூன்று கூட்டத்தாரையும் ஒரே வாயில் கண்டது. நம் பங்குத் தாயும் அவ்வழி வந்தவரே.

அந்தோணியார் தீவு

மண்டபத்திலிருந்து வெகு தொலைவில்லாத கச்சத்தீவு இதற்கு மாறான வேறொரு வாயிலைக் காட்டுகிறது. 285 ஏக்கர் பரப்புள்ள, மனிதர் குடியிராத தீவு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராமநாதபுரக் கரையின் மீனவர் ஒருவர் அங்கே புனித அந்தோணியாருக்கு ஆலயம் எழுப்பினார் என்பது வழிவழிச் செய்தி. 1974 சூன் மாத உடன்படிக்கையால் தீவு இலங்கையின் எல்லைக்குள் சென்றது. அத்தீவை அளித்தது முறையா என்னும் வழக்கை நாம் இங்கே தீர்க்க வரவில்லை. அதன் ஐந்தாம் பிரிவையே சுட்ட விரும்புகிறோம். இந்திய மீனவரும் திருப்பயணிகளும் முன்போலவே தீவுக்குச் செல்லலாம். அதற்குப் பயண ஆவணமோ விசாவோ இலங்கை கேட்காது.

சோதனை இல்லையா? உண்டு. இராமேசுவரத்தில் முன்கூட்டியே பெயர் பதிய வேண்டும், அடையாள அட்டை காட்ட வேண்டும், மூட்டை சோதிக்கப்படும், படகு பார்க்கப்படும். நடுக்கடலுக்கு இப்பால் இந்தியக் கடலோரக் காவற்படை, அப்பால் இலங்கைக் கடற்படை. ஆனால் அச்சோதனையின் முடிவில் யாழ்ப்பாண மறைமாவட்டக் குருக்களும் சிவகங்கை மறைமாவட்டக் குருக்களும் ஒரே பீடத்தில் நிற்கிறார்கள். நெடுந்தீவிலிருந்து வந்தவரும் தங்கச்சிமடத்திலிருந்து வந்தவரும் ஒரே சிலுவைப்பாதையில் நடக்கிறார்கள். முன்னாளில் இவர்கள் துணிமணிக்குச் சோப்பும் எண்ணெயும் மாற்றிக்கொண்டார்கள். திருவிழாச் சந்தையில் சுங்கக் கணக்கைவிட உறவுக் கணக்கே பெரிதாக இருந்தது. போரால் நின்ற விழா மீண்டும் தழைத்தது. 2016 திசம்பரில் புதிய ஆலயமும் மந்திரிக்கப்பட்டது.

ஆயினும் 2024இல் நம் கரையிலிருந்து திருப்பயணிகள் செல்லவில்லை. இலங்கை நீதிமன்றம் நம் மீனவர் சிலருக்குச் சிறைத்தண்டனை விதித்ததை எதிர்த்து, இராமேசுவரம் மீனவர் விழாவைப் புறக்கணித்தனர். அவர்கள் கண்ணீர் உண்மையானது. அதே வேளையில், இழுவைமடிகள் தம் கடலை வாரி வழித்துவிடுகின்றன என்று வடக்கு மாகாண மீனவர் விடும் கண்ணீரும் உண்மையானது. இலங்கை 2017இல் அம்மடிகளைச் சட்டத்தால் தடைசெய்ததும் அதனாலேயே. இரு கண்ணீரும் அந்தோணியாரின் முன்னேதான் சிந்தப்படுகின்றன. 2025 மார்ச்சில் படகுகள் மீண்டும் புறப்பட்டன என்பது ஆறுதல். சிக்கல் தீர்ந்துவிட்டது என்பது அதன் பொருளன்று.

பெயர் கேட்கும் வாயில்

சரக்குகளின் காவலில் நாடுகள் நெடுந்தூரம் முன்னேறிவிட்டன. 2005இல் உலகச் சுங்க அமைப்பு வகுத்த நெறியின்படி, ஒரு நாட்டின் சுங்கத்தார் புறப்படும் இடத்திலேயே பெட்டகத்தைப் பார்த்து முத்திரையிட, மறுநாட்டார் அதனை நம்பி ஏற்கலாம். நம் மாவட்டத்தின் திருப்பெரும்புதூர் ஆலைகளிலிருந்து முத்திரையிட்ட பெட்டகங்கள் நாள்தோறும் துறைமுகம் நோக்கிச் செல்கின்றன. 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடிற்று. வாயில்கள் திறப்பதும் காவல் பெருகுவதும் ஒருசேர நடக்கின்றன. காவல் வேண்டும். போதைப்பொருளும் படைக்கலமும் கடத்துவோர் இக்கடலிலும் உண்டு.

ஆனால் பெட்டகத்துக்கு எண் போதும். மனிதருக்குப் போதாது. ஏரோதின் வாளுக்கு அஞ்சிக் குழந்தையோடு எகிப்தின் எல்லையை அடைந்த தச்சரை நாம் நன்கறிவோம். அவரை அங்கே எவர் நிறுத்தினார், என்ன கேட்டார் என்று நற்செய்தி கூறவில்லை. இறுதித் தீர்வையில் அன்னியரை ஏற்றுக்கொண்டோமா என்று ஆண்டவர் நம்மைக் கேட்பார் என்பதை மட்டும் தெளிவாகக் கூறுகிறது. வாயிலில் நிற்பவரை இரு கரையும் தம்மவர் என்று எண்ணும்போது சோதனை அவருக்கும் பாதுகாப்பாகிறது. இரு கரையும் கைவிட்டால் அவர் கழுத்தில் தகரமே மிஞ்சும்.

தகர வில்லையை மந்திரித்தோமா என்று வாசகர் கேட்கலாம். அந்தத் தாயிடம் ஒன்றையே கேட்டோம்: "தாத்தா பெயர் என்னம்மா?" அவர் உடனே சொன்னார். மூன்று தலைமுறையாக அந்த வீட்டில் அப்பெயர் மறக்கப்படவில்லை. தகரத்தில் இல்லாத அப்பெயரை அன்று இறந்தோர் திருப்பலிக் கருத்துக்கான ஏட்டில் எழுதினோம். பின்னர் வில்லையின் மேல் தீர்த்தம் தெளித்து அவர் கையில் கொடுத்தோம். அவர் அதனைக் கண்ணில் ஒற்றி, மீண்டும் முந்தானையில் முடிந்துகொண்டார்.