ஏரிக்கு வந்த படகும் ஏற்றி வந்த வண்டியும்

நீரிலே செல்வதற்கென்று அமைந்த படகு, கம்பம் பள்ளத்தாக்கிலும் அதற்கு வடகிழக்கே அரண்போல் நிற்கும் பழனி மலையிலும், நீரிற் சென்றதைக் காட்டிலும் நிலத்திற் சென்றதையே பெரும் பிரயாணமாகக் கொண்டிருந்தது. பெரியகுளம் வட்டாரத்து ஜெயமங்கலத்தை அடுத்து ஓடும் வராக நதியாகட்டும், அது சென்று கலக்கும் வைகையாகட்டும், கோடையில் மணலாகவும் ஐப்பசி கார்த்திகையில் வெள்ளமாகவும் இருக்கும் சுபாவமுடையவையாதலால், அவற்றின் வழியே படகு விட்டு வியாபாரம் நடத்திய காலம் ஒன்றிருந்ததாகச் சொல்ல இடமில்லை. இப்பகுதியில் படகு மிதக்கத்தக்க பெரிய நீர்நிலைகள் பெரும்பாலும் கடந்த ஏறக்குறைய நூற்றறுபது ஆண்டுகளில் மனிதர் கட்டிய அணைகளாலும் கரைகளாலும் உண்டானவையே; அவற்றிற்கு வேண்டிய பெரும்படகுகளோ வெளியிலிருந்து வந்தாக வேண்டியிருந்தது. அணை கட்டியவர்களுக்குச் சிலையும் மணிமண்டபமும் எழுந்திருக்கின்றன; படகைச் சுமந்து வந்த வண்டியைப் பற்றிப் பேசுவார் எவருமில்லை.

வண்டி வேண்டாத படகு ஒன்று நம் நாட்டில் தொன்றுதொட்டு உண்டு, அதுவே பரிசல். மூங்கிற் பிளாச்சுகளை வட்டமாகப் பின்னித் தோல் போர்த்திச் செய்யும் இந்த எளிய சாதனத்தை ஒருவன் தலைமேற் கவிழ்த்துக்கொண்டு வரப்பின் வழியே நடந்து செல்லலாம். இதன் அருமையை ஐரோப்பியரில் நன்கு அறிந்தவர், பிற்காலத்தில் வெல்லிங்டன் பிரபுவென்று பிரசித்தி பெற்ற ஆர்தர் வெல்லெஸ்லி. 1803-ஆம் ஆண்டு மராத்தியருக்கு எதிராகத் தக்காணத்தில் படை நடத்தியபோது, ஆறுகளைக் கடப்பதற்காகப் பம்பாயிலிருந்து மிதவைப் படகுகளை வண்டிகளில் ஏற்றி அனுப்பும்படி அவர் கேட்டிருந்தார். அவை மழைக்காலத்துச் சாலையில் அகப்பட்டு வேளைக்கு வந்து சேராமற் போகவே, அவ்வவ்விடத்தில் கிடைத்த பிரம்பையும் மூங்கிலையும் கொண்டு முடைந்து தோல் போர்த்திய கூடைப்படகுகளைக் கொண்டே அவருடைய சேனை கோதாவரியைத் தாண்டியது. நீரில் மிதக்கும் திறமை அந்த மிதவைகளுக்கு இல்லாமலில்லை. நிலத்தில் அவற்றை இழுத்து வரும் திறமைதான் அன்றைய வண்டிக்கும் சாலைக்கும் இல்லை.

நம் பக்கத்தில் இதே பிரச்சினை எழுந்தது கொடைக்கானலில். மதுரை ஜில்லாவின் கலெக்டராக இருந்த வேர் ஹென்றி லெவிஞ்சு என்பவர், 1863-ஆம் ஆண்டில் மலைமேல் ஓடிய ஓடைகளைக் கரை கட்டித் தடுத்து, ஏறக்குறைய 60 ஏக்கர் பரப்புள்ள நட்சத்திர வடிவமான ஏரியை உண்டாக்கினார். அதில் விடுவதற்கு முதற்படகைத் தூத்துக்குடியிலிருந்து தருவித்தவரும் அவரே என்பது அவ்வூர் வரலாற்றில் வழங்கிவரும் செய்தி. இச்செய்தியைச் சொல்லுவோர் அனைவரும் ஒரே வாக்கியத்தில் படகைத் தூத்துக்குடியில் எடுத்து ஏரியில் இறக்கிவிடுகிறார்கள். நடுவே கிடக்கும் தேசத்தைச் சற்று நினைத்துப் பார்ப்பது நலம். அந்த ஏரி அமைந்த காலத்தில் இந்த ஜில்லாவில் ரயில் கிடையாது. இன்று கொடைக்கானல் ரோடு என்று வழங்கும் அம்மையநாயக்கனூருக்கு இருப்புப்பாதை வந்தது 1875-இல்தான். ஆகையால் தூத்துக்குடியிலிருந்து மதுரை வழியாகப் பெரியகுளம் வரையில் நூறு மைலுக்கு மேற்பட்ட தூரத்தையும், கரிசற் காட்டையும், பாலமில்லாத ஆற்று மணலையும் மாட்டு வண்டியிலேயே கடந்திருக்க வேண்டும்.

மலையடிவாரத்தோடு அந்த வண்டிக்கும் வேலை தீர்ந்துவிடும். பெரியகுளத்தை அடுத்த கிருஷ்ணம நாயக்கன் தோப்பிலிருந்து மேலே ஏறிய பாதை, ஏறக்குறைய 12 மைல் நீளமுள்ளது. சமவெளியிலிருந்து 7,000 அடி உயரத்துக்கு வளைந்து வளைந்து செல்வது. மனிதரும் குதிரையும் போகலாமே தவிரச் சக்கரம் ஏறாது. 1845 முதல் அங்கே வீடு கட்டிக் குடியேறிய அமெரிக்கப் பாதிரிமாரும் அவர்களைப் பின்பற்றிச் சென்ற உத்தியோகஸ்தர்களும் டோலியிலோ நாற்காலியிலோ அமர்ந்து கூலியாட்களின் தோளில் ஏறிச் சென்றார்கள். அவர்களுடைய மேசை, கட்டில், கண்ணாடிச் சாமான் அனைத்தும் அவ்வாறே தலைச்சுமையாகச் சென்றன. படகுக்கு மட்டும் வேறு வழி ஏது? மேட்டில் ஏறும்போது முன்னே பிடிப்பவன் குனியவும் பின்னே பிடிப்பவன் கையை உயர்த்தவும் வேண்டும். நீண்ட மரப்பொருளைக் குறுகிய வளைவில் திருப்புவது, விட்டம் சுமந்து பழகியவர் அறிந்த கஷ்டம். 1890-இல் படகுக் கழகம் ஒன்று அங்கே ஏற்பட்டது. 1932-இல்தான் அது பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. வத்தலக்குண்டுப் பக்கமிருந்து மேஜர் லா என்பவர் வகுத்த வழியையொட்டிய மலைச்சாலை வண்டிகளுக்குத் திறந்தது இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தில் என்பதை இதனோடு சேர்த்து எண்ணினால், அக்கழகத்தின் முதற் கால் நூற்றாண்டில் தோளைச் சாராமல் ஒரு படகும் மேலே போயிருக்க முடியாது என்பது விளங்கும். கரையில் நின்ற கனவான்களின் பெயர்கள் கல்லில் இருக்கின்றன. சுமந்தவர்களின் பெயர் ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை.

கம்பம் பள்ளத்தாக்கின் மறுகோடியில் 1887 முதல் 1895 வரை நடைபெற்ற பெரியாற்று அணையின் நிர்மாணத்திலும் இதே கதைதான், ஆனால் பெரிய அளவில். ரயிலில் வந்து இறங்கிய யந்திரங்களும் தளவாடங்களும் அம்மையநாயக்கனூரிலிருந்து வண்டிகளில் கூடலூர் வரையில் சென்று, அங்கிருந்து மலையேறித் தேக்கடியை அடைந்து, பிறகு ஆற்றிலே படகில் அணையிடத்துக்குப் போயின. அவ்வணையைக் கட்டிய கர்னல் பென்னிகுயிக்கின் பெருமையைப் பாடும் நம்மவர்கள் அந்த வண்டிக்காரர்களையும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இவ்வளவு பாரத்தை இழுத்த வண்டிக்காரனின் சாஸ்திரம் ஏட்டில் எழுதப்பட்டதன்று; எனினும் நுட்பமானது. இரு சக்கர வண்டியில் பாரம் முழுவதும் அச்சின்மேல் நிற்க வேண்டும். ஆனால் முழுதும் சமமாக நின்றுவிடவும் கூடாது. முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்திப் புண்ணாக்கும். பின்பாரம் மிகுந்தால் ஏர்க்கால் மேலெழும்பிப் பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். ஆதலால் நுகத்தடி கழுத்தில் இலேசாகப் படிந்திருக்கும் அளவுக்கு மட்டும் முன்பாரம் வைப்பது வழக்கம். மேடு ஏறும்போது பாரம் பின்னுக்குச் சாயுமாகையால் ஓட்டுபவன் முன்னே நகர்ந்து ஏர்க்காலின்மேல் உட்காருவான். இறக்கத்தில் பின்னே ஒதுங்குவான். புறப்படுமுன் கடையாணியைத் தட்டிப் பார்ப்பதும் அச்சுக்கு வண்டி மை இடுவதும் அவனுக்கு நித்திய கர்மங்கள்.

இன்று இரண்டு மிதவைக் குழாய்களின்மேல் தட்டையான தளம் அமைத்த சிறு படகுகள் வந்துவிட்டன. அவற்றை ஜீப்புக்குப் பின்னால் கோத்த டிரெய்லரில் ஏற்றிச் செல்லலாம். 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணை ஜெயமங்கலத்துக்கு அருகிலேயே இருக்கிறது. அங்கே மீன் பிடிப்பவர்கள் இன்னும் பரிசலையே நம்புவது, அவர்களுடைய தொழிலுக்கு அது போதுமென்பதாலேயே. ஆனால் அரசாங்கத்தாரோ விடுதிக்காரரோ இத்தகைய மிதவைப் படகை வாங்க எண்ணுவார்களானால், அதை ஏற்றும் டிரெய்லரைப் பற்றியும் யோசிக்க வேண்டும். குழாய்கள் இரண்டையும் அடியில் நீளவாட்டில் தாங்கும் மெத்தைக்கட்டைகளுடைய டிரெய்லர் ஒருவகை. குழாய்களுக்கு நடுவே நுழைந்து தளத்தை அடியிலிருந்து தூக்கும் குறுகிய டிரெய்லர் மற்றொருவகை. பின்னது விலை மலிவாக இருக்கலாம். ஆயினும் சக்கரங்களின் இடைவெளி குறுகியதாலும் படகு உயரத்தில் நிற்பதாலும், ஆடி மாதத்துக் காற்றில் கம்பம் சாலையிலோ மலை வளைவிலோ அதை நம்புவது விவேகமாகாது என்பது என் அபிப்பிராயம். கொக்கியின்மேல் விழும் பாரம் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாதிருக்க வேண்டுமென்று இக்காலத்து நூல்கள் விதிக்கின்றன. குறைந்தால் டிரெய்லர் வால் ஆட்டும். படகோடு மோட்டாரையும் பெட்ரோலையும் சேர்த்தே எடையைக் கணக்கிட வேண்டும். ஓடிச் சூடேறிய சக்கரக் குடத்தை உடனே நீரில் இறக்கினால் உள்ளே நீர் புகுந்து மசகைக் கெடுக்குமாதலால், சற்று ஆற விடுவது நல்லது.

இவற்றுள் முன்பாரத்தையும் மசகையும் பற்றிய விதிகள் நம் வண்டிக்காரர் எவருக்கும் புதியன அல்ல. மாட்டு வண்டி மறைந்துவந்தாலும், அதை ஓட்டிய முதியவர்கள் பெரியகுளம் வட்டாரத்துக் கிராமங்களில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். படகு வாங்குவோர் முதன்முறை பாரம் ஏற்றும்போது அவர்களில் ஒருவரை அழைத்து நிறுத்திக்கொள்ளட்டும். அவர் சொல்லும் முறையை யாரேனும் எழுதியும் வைக்கட்டும்.